கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கரை

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் நகரப் பூங்காவை அந்தப் பெயரால் அழைப்பவர்கள் குறைவு. சின்ன குயிலின் என்றால்தான் எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். பழைய கல்குவாரி. உடைத்தது போதும் என்று விட்ட பிறகு குழியில் நீர் நிறைந்து குளமானது. குளத்துக்குள் செங்குத்தாகப் பாறைகள் நிற்கின்றன. சீனாவின் குயிலின் மலைகளைப்போல இருப்பதால் இந்தப் பெயர். அங்கே இருப்பது மழைநீர் அரித்த சுண்ணாம்புக்கல். இங்கே இருப்பது பூமிக்கடியில் உருகி இறுகிய கருங்கல்; அதைச் செதுக்கியது வெடிமருந்து. வேட்டு வைக்கும்போதெல்லாம் குன்று இருமுவதுபோல் கேட்குமாம். அதனால்தான் 'இருமும் குன்று' என்று பொருள்படும் மலாய்ப் பெயர் வந்தது என்று சிலர் சொல்வார்கள். பாத்தோக் என்பது தேங்காய்ச் சிரட்டை என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கு இருமல் கதைதான் பிடிக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து படமெடுத்துக்கொள்ளும் இடம் அது. எங்கள் புளோக்கில் இரண்டு மாடி கீழே குடியிருப்பவரின் மகளுக்கும் அங்கேதான் எடுக்க வேண்டும் என்று முடிவானது. "அண்ணே, நீங்க சும்மா பறவைய எடுக்குற நேரத்துல எம்பொண்ண ரெண்டு எடுங்க" என்றார் பெண்ணின் அம்மா. நான் தொழில்முறைக்காரன் இல்லை. ஆனால் அந்தப் 'பறவைய எடுக்குற நேரத்துல' என்னைக் கொஞ்சம் சீண்டிவிட்டது.

பெண் கட்டியிருந்தது பாட்டியின் புடவை. சந்தன நிறக் காஞ்சிப் பட்டு, விரற்கடை அகலம்கூட இல்லாத கத்தரிப்பூ நிறக் கரை. ஜரிகை மங்கிவிட்டது, கரை மங்கவில்லை. காலை பத்தரை மணி. இந்த ஊர் பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஈரம் குடித்த காற்று. ஆகாயம் நீலமாக இல்லாமல், விளக்கு போட்ட பால்கண்ணாடிபோல வெள்ளையாக இருந்தது. பின்னால் பாறையின் விளிம்பு, அதன்மேல் ஒரு மரத்தின் மெல்லிய கிளைகள், அதற்கும் பின்னால் அந்த வெள்ளை. ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8-க்கு முழுதாகத் திறந்துவைத்து எடுத்தேன். பின்புலம் கரைந்து நிற்க வேண்டும் என்ற ஆசை.

வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒவ்வொரு கிளைக்கும் ஊதாச் சாயம் ஒழுகியிருந்தது. காதோர முடிக்கும், மாப்பிள்ளையின் கண்ணாடிச் சட்டத்துக்கும் அதே கதை. படத்தைச் சீராக்கும் மென்பொருளில் இதற்கென்றே ஒரு நகர்த்தி உண்டு. வலதுபக்கம் இழுத்தேன். ஊதா போய்விட்டது. எல்லாப் படங்களுக்கும் அதையே பொருத்தி அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலை தொலைபேசி. "படமெல்லாம் அழகா இருக்குண்ணே. ஆனா கரை எங்கண்ணே போச்சு?"

திறந்து பார்த்தேன். பாட்டியின் புடவைக்குச் சாம்பல் நிறத்தில் கரை இருந்தது.

மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. வெளிச்சமான பரப்பின் ஓரத்தில் ஒடுங்கிய ஊதாக் கோடு தென்பட்டால் நிறத்தை உறிஞ்சிவிடு என்பது அதற்கு இடப்பட்ட வேலை. சந்தனப் பட்டின் ஓரத்தில் ஓடும் கத்தரிப்பூக் கரையும் அப்படிப்பட்ட கோடுதான். நெய்தவர் கை வைத்த ஊதா எது, கண்ணாடி கசியவிட்ட ஊதா எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அதனிடம் வழி இல்லை. எனக்கு வழி இருந்தது, நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எந்தப் படத்திலும் முதலில் விளிம்பைத்தான் பார்க்கிறேன். இதைத் தமிழ்ப் பாடநூல்கள் நிறப்பிறழ்ச்சி என்கின்றன. நல்ல சொல்தான். ஆனாலும் பிறழ்வது யார் என்ற கேள்வி அதில் தொக்கி நிற்கிறது. ஒளி ஒரு தவறும் செய்யவில்லை. கண்ணாடிக்குள் நுழையும்போது நீலம் சற்று அதிகமாக வளைகிறது, சிவப்பு சற்றுக் குறைவாக வளைகிறது. பள்ளியில் முப்பட்டகத்தில் பார்த்த அதே வானவில்தான். லென்ஸ் என்பது ஓரத்தில் முப்பட்டகம்தானே. சாதாரணக் கண்ணாடியால் ஐம்பது மில்லிமீட்டர் குவியத்தூரத்துக்கு ஒற்றை லென்ஸ் ஒன்றைக் கடைந்தால், நீலம் கூடும் இடத்துக்கும் சிவப்பு கூடும் இடத்துக்கும் நடுவே ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி விழும். முக்கால் மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். என் கேமரா உணரியில் ஒரு புள்ளியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருநூற்று ஐம்பதில் ஒரு பங்கு.

நியூட்டன் இதைப் பார்த்துக் கையை விரித்துவிட்டார். வெள்ளை ஒளி பல நிறங்களின் கூட்டம் என்று 1672-இல் உலகுக்குச் சொன்னவர், அந்தக் கூட்டத்தைக் கண்ணாடியால் ஒரே இடத்தில் உட்காரவைக்க முடியாது என்று முடிவுகட்டி, லென்ஸையே விட்டுவிட்டு உலோக ஆடியால் 1668-இலேயே தொலைநோக்கி செய்துகொண்டார். ஆடி நிறம் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே கோணத்தில் திருப்பி அனுப்புகிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் 1986-இலிருந்து இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.3 மீட்டர் ஆடிவரை அந்தப் பரம்பரை நீள்கிறது. நானும் ஒருமுறை அந்தப் பரம்பரையில் சேர்ந்தேன். சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையை 2017 ஜூலையில் மூடுவதற்கு முன், தேக்காவுக்குப் போகிற வழியில், ஆடி வைத்த 500 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை வாங்கினேன். உண்மையிலேயே ஊதா இல்லை. ஆனால் குவியத்துக்கு வெளியே இருந்த ஒவ்வொரு வெளிச்சப் புள்ளியும் நடுவில் ஓட்டையோடு மெதுவடையாக விழுந்தது. குளத்துநீர் மினுங்குகிற இடத்தில் மீன்கொத்தியை எடுத்தால், தட்டு நிறைய வடைக்கு நடுவே ஒரு பறவை.

நியூட்டன் காலத்திலேயே டான்சிக் நகரத்து ஹெவேலியஸ் வேறு வழி கண்டிருந்தார். லென்ஸின் வளைவைக் குறைத்தால் நிறம் சிதறுவதும் குறைகிறது. ஆனால் குவியத்தூரம் நீண்டுகொண்டே போகும். நூற்றைம்பது அடி நீளத்துக்குக் கம்பமும் கயிறுமாகத் தொலைநோக்கி கட்டினார். எங்கள் பன்னிரண்டு மாடிப் புளோக்கைப் படுக்கவைத்தாலும் அந்த நீளம் வராது. காற்று அடித்தால் ஆடும். இன்று நாம் எஃப் 1.8-இலிருந்து எஃப் 4-க்குத் துளையைச் சுருக்கும்போது ஒரு சக்கரத்தைத் திருப்பி ஹெவேலியஸின் கம்பத்தைத்தான் நடுகிறோம். துளை சிறுத்தால் ஒளிக்கற்றை ஒடுங்குகிறது; குவியம் சற்றுத் தவறினாலும் பரவும் வட்டம் சிறிதாகிறது.

நியூட்டன் சொன்னதைப் பொய்யாக்கியது ஒரு வழக்கறிஞர். செஸ்டர் மூர் ஹால். 1730-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சாதாரண கிரௌன் கண்ணாடியால் ஒரு குவிலென்ஸும், ஈயம் கலந்த ஃபிளின்ட் கண்ணாடியால் ஒரு குழிலென்ஸும் செய்து ஒட்டவைத்தால் ஒன்று சிதறடிப்பதை மற்றொன்று கூட்டிவிடும் என்று கண்டுபிடித்தார். ரகசியம் வெளியே போகக்கூடாதென்று இரண்டு லென்ஸ்களையும் இரண்டு வேறு கடைக்காரர்களிடம் கொடுத்தார். இருவருமே வேலையை ஜார்ஜ் பாஸ் என்ற ஒரே பட்டறைக்காரரிடம் தள்ளிவிட்டார்கள். பாஸ் இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்துவிட்டார். கடைசியில் 1758-இல் காப்புரிமை வாங்கியவர் ஜான் டொலண்ட். உள்குத்தகை விடுகிற ஊரில் ரகசியம் நிற்காது என்பதற்கு லண்டனிலிருந்து ஒரு சான்று.

அந்த ஜோடி லென்ஸ் சிவப்பையும் நீலத்தையும் ஒரே புள்ளிக்கு இழுத்து வந்தது. நடுவில் இருக்கும் பச்சை சற்றே தள்ளி நின்றது. பங்காளிகள் மூவரில் இருவரைச் சமாதானம் பண்ணிவைத்தால் மூன்றாமவன் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வதில்லையா, அதுபோல. பிறகு ஜெனாவில் எர்ன்ஸ்ட் ஆபேயும் கண்ணாடி உருக்கும் ஓட்டோ ஷாட்டும் சேர்ந்து 1886-இல் மூன்றாமவனையும் உள்ளே அழைத்துவந்த நுண்ணோக்கி லென்ஸைச் செய்தார்கள். அதற்குப் புளோரைட் என்ற இயற்கைப் படிகம் தேவைப்பட்டது. 1969-இல் கேனன் அந்தப் படிகத்தைச் செயற்கையாக வளர்த்துக் கேமரா லென்ஸில் வைத்தது. விலையைச் சொன்னால் கல்யாணப் பேச்சு நின்றுவிடும்.

என்னுடைய ஐம்பது மில்லிமீட்டர் அந்த வரிசையில் வராது. இருவர் சமாதானத்தோடு நிற்கிற ரகம். மனிதக் கண்ணுக்கு மிகக் கூர்மையாகப் படுவது பச்சை என்பதால் குவியத்தைப் பச்சைக்கு வைக்கிறோம். அப்போது சிவப்பும் நீலமும் சேர்ந்து ஓரத்தில் பிதுங்குகின்றன. இரண்டும் சேர்ந்தால் ஊதா. கிளைகளில் நான் பார்த்தது அதைத்தான். அதற்கும் அப்பால், கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் கருநீலக் கோடி எந்தச் சமாதானத்துக்கும் வராமல் அகலமாகப் பரவிக்கிடக்கும். சாதாரண நேரத்தில் அது தெரியாத அளவுக்கு மெலிது. ஆகாயம் வெளுத்துப்போய் உணரி நிரம்பி வழியும்போது, அந்த மெலிந்த கசிவும் பக்கத்துக் கருங்கிளைமேல் கறையாகப் படிந்துவிடுகிறது. சென்னைக் கடற்கரை மாலையில் இல்லாத தொல்லை புக்கிட் பாத்தோக் முற்பகலில் ஏன் இருக்கிறது என்பதற்குக் காரணம் இந்த வெள்ளை ஆகாயம்தான்.

இதிலே இன்னொரு ஜாதியும் இருக்கிறது. அதை அடையாளம் காண நான் ஏறுவது பூங்காவுக்கு அந்தப்பக்கம் இருக்கும் புக்கிட் பாத்தோக் குன்றில். மேலே ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது. குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பிகள், பின்னால் வெறும் ஆகாயம்: லென்ஸைச் சோதிக்க இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. கோபுரத்தைச் சட்டத்தின் நடுவில் வைத்தால் கம்பிகள் சுத்தமாக இருக்கின்றன. அதே கோபுரத்தை மூலைக்குத் தள்ளினால் ஒவ்வொரு கம்பிக்கும் ஒருபக்கம் சிவப்பு, மறுபக்கம் பசுநீலம். இங்கே எல்லா நிறமும் சரியான தூரத்தில்தான் குவிகின்றன. ஆனால் நீலப்படம் ஓர் அளவு, சிவப்புப்படம் இன்னோர் அளவு. ஒரே படத்தை மூன்று அச்சுக்கட்டையால் அடிக்கும்போது தாள் நகர்ந்துவிட்ட பழைய காலண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறாயிரம் புள்ளி அகலமுள்ள படத்தில் ஒரு நிறம் ஆயிரத்தில் ஒரு பங்கு பெரிதாக விழுந்தால், நடுவில் ஒன்றும் தெரியாது, ஓரத்தில் மூன்று புள்ளி விலகி நிற்கும். துளையைச் சுருக்கி இதைத் தீர்க்க முடியாது. ஆனால் தீர்ப்பதற்கு மிகச் சுலபமானதும் இதுதான். மூன்று படங்களையும் ஒரே அளவுக்கு இழுத்துப் பொருத்திவிட்டால் முடிந்தது. இன்றைய கேமராக்கள் பல நமக்குச் சொல்லாமலே அதைச் செய்துவிடுகின்றன. மென்பொருளில் இதற்குரிய கட்டத்தில் தயங்காமல் டிக் போடலாம்; எந்தப் புடவையின் கரையும் போகாது. நிறத்தை அழிப்பது வேறு, நிறத்தை அதன் இடத்தில் கொண்டுபோய் வைப்பது வேறு.

அந்தக் குன்றுக்கு ஏறும் படிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுமார் நூற்றிருபது படிகள். 1942-இல் ஜப்பானியர்கள் தங்கள் வீரர்களின் நினைவாக உச்சியில் மரத்தூண் ஒன்றை எழுப்பினார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளைக் கொண்டு கட்டியது. 1945-இல் சரணடைவதற்கு முன் அவர்களே அதை இடித்துவிட்டார்கள். மிச்சம் இந்தப் படிகளும் வாசல் தூண்கள் இரண்டும்தான். ஒரு லென்ஸின் மூலையில் மூன்று புள்ளி சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க இந்தப் படிகளில் ஏறுகிறேனே என்று ஒருநாள் கூச்சமாக இருந்தது. கேமராவைப் பையில் வைத்துவிட்டுப் பாதியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஏறித்தான் போனேன்.

உணரியிடமும் கொஞ்சம் பழி உண்டு. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில். பாதிப் புள்ளிகள் பச்சையை மட்டும் பார்க்கும், கால் பங்கு சிவப்பை, கால் பங்கு நீலத்தை. எந்தப் புள்ளிக்கும் மூன்று நிறமும் தெரியாது. அக்கம்பக்கத்தில் விசாரித்து மீதியை ஊகிக்கிறது. சமமான பரப்பில் அக்கம்பக்கம் உண்மை சொல்லும். விளிம்பில் ஒருபக்கத்து வீட்டுக்காரர் வெள்ளை என்பார், மறுபக்கத்து வீட்டுக்காரர் கறுப்பு என்பார்.

கண் மட்டும் யோக்கியமா? அதுவும் ஒற்றை லென்ஸ்தான். நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே அதில் விழும் வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு டயாப்டர், மூக்குக்கண்ணாடி போடச் சொல்லும் அளவு. ஆனால் விழித்திரையின் கூர்மையான நடுப்பகுதியில் நீலம் உணரும் செல்களே இல்லை. அதன்மேல் மஞ்சள் நிறமி பூசப்பட்டிருக்கிறது. தொல்லை தருகிறவனை வாசலிலேயே நிறுத்திவிடும் ஏற்பாடு. மிச்சத்தை மூளை பார்த்துக்கொள்கிறது. அம்மாவுக்கு ஊரில் கண்புரை அறுவை செய்து கட்டுப் பிரித்த அன்று தொலைபேசியில் சொன்னார்: "சுவரெல்லாம் சொட்டு நீலம் போட்டு அலசினாப்புல இருக்குடா." வயதோடு மஞ்சளேறிய லென்ஸை எடுத்துவிட்டதும் இத்தனை ஆண்டாகத் தடுத்துவைத்திருந்த நீலமெல்லாம் உள்ளே வந்துவிட்டது. ஒரு வாரத்தில் சுவர் பழையபடி வெள்ளையாகிவிட்டது. வெள்ளை என்பது அம்மா ஒப்புக்கொண்ட ஒன்று.

சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தை முற்பகலில் எடுப்பவர்களுக்கு என் வேதனை புரியும். வெளுத்த ஆகாயத்துக்கு எதிரே நூற்றுக்கணக்கான சிறு விளிம்புகள். கை, கிரீடம், ஆயுதம், விரல். எல்லாவற்றிலும் ஊதா கசியும். அங்கே கண்ணை மூடிக்கொண்டு நகர்த்தியை இழுத்தால் சுதைச் சிற்பத்துக்குப் பூசிய வண்ணமும் சேர்ந்து போகும். தைப்பூசக் காவடியின் மயிற்பீலியும் அப்படித்தான். பறவையே விளிம்பில் நிறம் வைத்துக்கொண்டு பிறந்திருக்கிறது; அதற்கு யார் என்ன திருத்தம் சொல்ல முடியும்? கறுப்பு வெள்ளையாக்கித் தப்பிக்கலாமே என்பார்கள். நிறம்தான் போகும். அந்தக் கசிவு சாம்பல் மங்கலாக விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் முதலில் நிற்கும் இடத்தை மாற்றுகிறேன். நான்கு எட்டு இடப்பக்கம் நகர்ந்தால் ஆகாயத்துக்குப் பதிலாகப் பாறை பின்புலமாகிறது. கருப்பின்மேல் கருப்புக்கு விளிம்பில்லை. ஆகாயம் முழுக்க வெளுத்துவிடாதபடி ஒளியளவைச் சற்றுக் குறைத்து எடுக்கிறேன், நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். முகத்துக்கு எஃப் 1.8 வேண்டாம், எஃப் 2.8-இலேயே பாதிக் கசிவு அடங்கிவிடுகிறது. மெல்லிய கிளையைச் சட்டத்தின் மூலைக்கு விடுவதில்லை. ரா கோப்பாக எடுத்துவைக்கிறேன். நகர்த்தியைக் கடைசியில்தான் தொடுகிறேன். அதையும் படம் முழுக்க இழுக்காமல், தூரிகையால் கசிந்த இடத்தில் மட்டும். இவ்வளவும் செய்தாலும் குவியத்துக்கு முன்னே ஊதாவும் பின்னே பச்சையுமாகச் சிறு சாயம் எங்காவது நிற்கும். பச்சையை நான் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன். மரங்களுக்கு நடுவே அது யார் கண்ணிலும் படாது.

அன்று எடுத்த படங்களைத் திரும்ப உட்கார்ந்து செய்தேன். இருபத்தேழு படம். புடவையைச் சுற்றி வேலி போட்டுவிட்டுக் கிளைகளை மட்டும் துடைத்தேன். தோள்பட்டையில் கரை ஆகாயத்தைத் தொடுகிற இடத்தில் எது நூல், எது கசிவு என்று எனக்கே தெரியவில்லை. கீழே இறங்கிப்போய்ப் புடவையை வாங்கிப் பார்த்தேன். பெண்ணின் அம்மா சிரித்துக்கொண்டே பீரோவைத் திறந்து எடுத்துவந்து மடியில் விரித்தார். நூலின் நிறம் படத்தில் இருந்ததைவிடச் சிவப்பு கூடியது. கத்தரிப்பூவுக்கும் நாவற்பழத்துக்கும் நடுவே. அதைக் கைப்பேசியில் எடுக்கவில்லை. நினைவில் வைத்துக்கொண்டு மாடியேறினேன்.

ஒரு படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். அவர் சட்டத்தின் கண்ணாடிமேல் விரலை வைத்துக் கரை ஓடிய வழியெல்லாம் தடவினார். பிறகு விரல் மேலே போய், நான் துடைக்காமல் விட்ட ஒரு கிளையில் நின்றது.

"பின்னாடி மரத்துல பூத்திருக்கே, நம்ம கரை கலர்லயே. என்ன மரம்ணே அது?"

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.